கோலி சோடாவும் திமிங்கலச் சுறாவும்

புளியங்குடியில் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. மலையடிவாரத் தோட்டங்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் சந்தை ஊருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் இங்கே எலுமிச்சை சோடா என்றால் சாற்றில் கஞ்சத்தனம் இருக்காது. கடைக்காரர் செய்வதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். தம்ளரில் பழத்தைப் பிழிகிறார். ஒரு சிட்டிகை உப்பைப் போடுகிறார். கோலி சோடா பாட்டிலை எடுக்கிறார். உள்ளே தண்ணீர் தெளிவாக நிற்கிறது. ஒரு குமிழிகூட இல்லை. கட்டையை வைத்து ஓர் அழுத்து. ‘டப்’ என்று கோலி உள்ளே விழுந்ததுமே அடியிலிருந்து கழுத்து வரை குமிழிகள். உப்பு கிடக்கும் தம்ளரில் ஊற்றினால் நுரை பொங்கி விளிம்பைத் தாண்டுகிறது.

இத்தனை குமிழிகளும் அதுவரை எங்கே இருந்தன?

சின்னப் பிள்ளைக் கேள்விதான். ஆனால் இதே கேள்வியை மனித உடம்பைப் பற்றிக் கேட்டு, அதற்குப் பதில் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தப் பதில் தெரியாமல் செத்தவர்கள் பலர். தெரிந்த பிறகும், அது போய்ச் சேராத இடங்களில் இன்னும் கால் விளங்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் நமக்குப் பக்கத்தில், தூத்துக்குடிக் கடற்கரையில் இருக்கிறார்கள். அங்கே போவதற்கு முன் மாலத்தீவுக்கு ஒரு சுற்றுப் போய்வர வேண்டும்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு தோணிகள் காலங்காலமாகப் போய்வரும் ஊர். அங்கே இப்போது வேறு ஒரு வகைப் படகு பெயர் பெற்றிருக்கிறது. ‘லிவ்அபோர்ட்’ என்கிறார்கள், படகிலேயே தங்கி முக்குளிக்கும் பயணம். ஒரு வாரம் சாப்பாடு, தூக்கம் எல்லாம் படகில். சிலிண்டர்களையும் காற்று நிரப்பும் கம்ப்ரஸரையும் சுமந்துகொண்டு ஒரு சிறு தோணி கூடவே வரும். நாளுக்கு மூன்று முறை, சில நாள் நான்கு முறை கடலுக்குள் இறங்குவார்கள். எல்லாம் பெரிய உயிர்களைப் பார்ப்பதற்காக. திமிங்கலச் சுறா, கொம்புத் திருக்கை, சுத்தித்தலைச் சுறா.

பார்ப்பதற்கு ஏன் படகில் குடியிருக்க வேண்டும்? மாலத்தீவு என்பது வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் 26 பவளத்தீவு வளையங்கள். பெரிய மீன்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அவற்றின் தீனி இடம் மாறுகிறது. திமிங்கலச் சுறா உலகிலேயே பெரிய மீன். 12 மீட்டரையும் தாண்டி வளரும். நம் மீனவர்கள் அம்மணி உளுவை என்பார்கள். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அது தின்பதோ பெரும்பாலும் மிதவை உயிரிகளை, அதாவது நீரோடு அலையும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிற்றுயிர்களை. கொம்புத் திருக்கையும் அப்படித்தான். குற்றாலத்தில் சாரல் விழும் அதே மாதங்களில், அதே தென்மேற்குப் பருவக்காற்று மாலத்தீவில் நீரோட்டத்தைக் கிழக்கே தள்ளுகிறது. மிதவை உயிரிகள் வளையங்களின் கிழக்குப் பக்கம் சேர்கின்றன; திருக்கைகளும் அங்கே போகின்றன. வாடைக்காலத்தில் எல்லாம் தலைகீழ். ஆகவே கரையில் அறை எடுத்துத் தங்கினால் அகப்படுவது அதிர்ஷ்டம். படகில் இருந்தால் காற்றையும் நீரோட்டத்தையும் பின்தொடரலாம். நம் நாட்டிலும் அந்தமானின் பாரன் தீவு போன்ற இடங்களுக்கு இப்படிப் போவது உண்டு. போர்ட் பிளேரிலிருந்து 130 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, நடுக்கடலில் நிற்கும் எரிமலை அது. காலையில் போய் மாலையில் திரும்பும் தூரமல்ல.

இந்தப் பயணங்களில் ஒரு விசித்திரம். ஆளுக்கு லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்து வந்திருப்பார்கள். கடைசி நாள் கடல் கண்ணாடிபோல் இருக்கும். படகில் காற்று நிரப்பிய சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். ஆனாலும் யாரையும் இறங்க விடமாட்டார்கள். மறுநாள் விமானம் இருக்கிறது என்பதுதான் காரணம். மூழ்குவதற்கும் பறப்பதற்கும் என்ன சம்பந்தம்?

அழுத்தத்தில் தொடங்குவோம். நம் தலைக்கு மேலே அடுக்கடுக்காக நிற்கும் காற்று முழுவதும் நம்மை அழுத்துகிறது. அந்த அளவை ஒரு வளிமண்டலம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் காற்றைவிட எத்தனையோ மடங்கு கனம். கடலில் 10 மீட்டர் இறங்கினாலே இன்னொரு வளிமண்டலம் சேர்ந்துவிடும். 30 மீட்டரில் மொத்தம் நான்கு. அங்கே போய் மேலே இருப்பதைப் போன்ற காற்றை ஒரு நீளக் குழாய் வழியே உறிஞ்சிவிட முடியாது. நெஞ்சைச் சுற்றி நாலு மடங்கு அழுத்தம். நுரையீரல் விரியவே விரியாது. 1943-ல் பிரான்சில் கூஸ்தோவும் காக்னானும் உருவாக்கிய மூச்சுச் சீராக்கி, இன்றைய முக்குளிப்பவர்கள் வாயில் கவ்வும் ரெகுலேட்டரின் முன்னோடி, இதைத் தீர்த்தது. சுற்றியிருக்கும் நீரின் அழுத்தம் எவ்வளவோ அதே அழுத்தத்தில் காற்றை அது கொடுக்கும். மூச்சு சுலபமாகிவிடும்.

அந்தச் சௌகரியத்துக்கு ஒரு விலை இருக்கிறது. 30 மீட்டர் ஆழத்தில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் நாலு மடங்கு காற்று. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆக்சிஜனை உடம்பு செலவழித்துவிடும். நைட்ரஜனால் உடம்புக்கு ஒரு வேலையும் இல்லை. உள்ளே வரும், வெளியே போகும். ஆனால் போகிற வழியில் இரத்தத்தில் கொஞ்சம் கரையும். எவ்வளவு கரையும் என்பது அழுத்தத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி 1803-ல் எழுதி வைத்த விதி இது. அழுத்தம் இருமடங்கானால் திரவத்தில் கரையும் வாயுவும் இருமடங்கு. இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் உடம்பிலும் சுமார் ஒரு லிட்டர் நைட்ரஜன் கரைந்து கிடக்கிறது. அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

சோடா பாட்டிலில் நடப்பதும் இந்த விதிதான். அங்கே கரைந்திருப்பது கரியமில வாயு. கோலி இறுக்கமாக அடைத்திருக்கும்வரை உள்ளே அழுத்தம் அதிகம். கரைந்த வாயு கரைந்தபடியே, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். கோலி விழுந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. அவ்வளவு வாயுவைத் தண்ணீரால் இனித் தாங்க முடியாது. மிச்சம் குமிழியாகிறது. முன்பு குமிழிகள் எங்கே இருந்தன என்றால், குமிழியாக எங்கேயும் இல்லை; தண்ணீரோடு தண்ணீராக இருந்தன.

உப்பு போட்டால் ஏன் கூடுதலாகப் பொங்குகிறது? வெறும் தண்ணீருக்கு நடுவே ஒரு குமிழி பிறப்பது கஷ்டம். அதற்குத் தொற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். உப்புக் கல்லின் சொரசொரப்பில் ஒட்டியிருக்கும் துளிக் காற்று அந்த இடத்தைத் தருகிறது. பாட்டிலைக் குலுக்கித் திறந்தாலும் அதே கதை. அனுபவப்பட்ட கடைக்காரர் குலுங்கிய பாட்டிலை எப்படித் திறப்பார் என்றும் கவனித்திருப்பீர்கள்: கோலியை லேசாக அழுத்தி ‘உஸ்’ என்று கொஞ்சம் வாயுவை விட்டு, நிறுத்தி, மறுபடி விடுவார். ஒரு சொட்டு சிந்தாது.

ஆழத்திலிருந்து மேலே வருகிறவர் செய்ய வேண்டியதும் இதைத்தான். இறங்கும்போது திசுக்களில் நைட்ரஜன் ஏறுகிறது. மெதுவாக மேலே வந்தால், கூடுதல் நைட்ரஜன் இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய் மூச்சில் கழிந்துவிடும். விருட்டென்று மேலே வந்தால் மூட்டுகளிலும் இரத்தக் குழாய்களிலும் முதுகுத்தண்டிலும் குமிழிகள் பிறக்கும். தோள்பட்டையில் குடைகிற வலி, தோலில் திட்டுத் திட்டாகச் சிவப்பு, கை கால் மரத்துப்போதல்; மோசமானால் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போவது, சாவு. அழுத்தத் தளர்வு நோய் என்று இதைச் சொல்லலாம். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: ஆபத்து இறங்குவதில் அல்ல, ஏறுவதில்.

இதெல்லாம் எப்படித் தெரியவந்தது?

முதல் குமிழியைப் பார்த்தவர் ராபர்ட் பாயில். தான் செய்த காற்று உறிஞ்சும் கருவிக்குள் ஒரு விரியன் பாம்பை வைத்து, காற்றை வெளியே இழுத்தார். பாம்பின் கண்ணுக்குள் ஒரு குமிழி இங்கும் அங்கும் நகர்வதைப் பார்த்து 1670-ல் எழுதினார். மூழ்குவதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அது தோன்றுவதற்கு மனிதர்கள் செத்து விழ வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றுக்குள் பாலத் தூண் எழுப்ப, அடியில்லாத பெரும் பெட்டிகளைக் கவிழ்த்து இறக்கி, தண்ணீர் உள்ளே வராதபடி காற்றை அழுத்தி ஏற்றி, அதற்குள் தொழிலாளர்களை இறக்கி மண்ணைத் தோண்டினார்கள். வேலை செய்யும்போது ஒன்றும் இருக்காது. வேலை முடித்து வெளியே வந்து சாப்பிட உட்காரும்போது சுருண்டு விழுவார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872-ல் இப்படி விழுந்தவர்தான். 1883-ல் பாலம் திறக்கும்வரை அவருடைய மனைவி எமிலிதான் அவருக்கும் வேலைத்தளத்துக்கும் இடையே நடந்து காரியத்தை முடித்தார்.

பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பேர் 1878-ல் குற்றவாளியை அடையாளம் காட்டினார். சட்டென்று அழுத்தம் தளர்த்தப்பட்ட விலங்குகளின் இரத்தக் குமிழிகளில் இருந்தது பெரும்பாலும் நைட்ரஜன். ஆக்சிஜன் கொடுத்தால் நைட்ரஜன் விரைவாக வெளியேறும் என்றும் அவர் சொன்னார். இன்றைக்கும் முதலுதவி அதுதான்.

எவ்வளவு மெதுவாக ஏறினால் போதும் என்ற கணக்கைப் போட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக அவர் செய்த ஆய்வில் முக்கியப் பாத்திரம் வெள்ளாடுகள். ஆடுகளை இரும்பு அறைக்குள் அடைத்து, காற்றழுத்தத்தை ஏற்றி, மணிக்கணக்கில் வைத்திருந்து, பிறகு சட்டென்று தளர்த்துவார்கள். ஆடு ‘வலிக்கிறது’ என்று சொல்லாது. ஆனால் மூட்டில் குமிழி வந்த ஆடு ஒரு முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தக் காலைப் பார்த்தே ஹால்டேன் அட்டவணை போட்டார். இரண்டு வளிமண்டலத்திலிருந்து ஒன்றுக்கு வந்த ஆடுகள் சாதாரணமாக மேய்ந்தன. நான்கிலிருந்து இரண்டுக்கு வந்தாலும் தொந்தரவில்லை. நான்கிலிருந்து ஒன்றுக்கு வந்தால்தான் கால் தூக்கியது. எத்தனை வளிமண்டலம் குறைந்தது என்பது பொருட்டல்ல, எந்த விகிதத்தில் குறைந்தது என்பதே பொருட்டு. 1906-ல் டேமன்ட், கேட்டோ என்ற இரு கடற்படையினர் இந்த முறையை நம்பி ஸ்காட்லாந்துக் கடலில் 64 மீட்டர் இறங்கிப் பத்திரமாக ஏறினார்கள். 1908-ல் வந்த அந்த ஆய்வறிக்கைதான் இன்றுவரை எல்லா முக்குளிப்பு அட்டவணைகளுக்கும் தாய். அந்த ஸ்காட்லாந்துச் சோதனைகளின்போது தானும் கடலுக்குள் இறங்கிப் பார்த்த 13 வயதுப் பையன் ஒருவன் உண்டு, ஹால்டேனின் மகன். பிற்காலத்தில் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற பெயரில் மரபியலில் புகழ்பெற்று, 1957-ல் கொல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, புவனேஸ்வரில் மறைந்தவர்.

ஹால்டேனின் இன்னொரு கண்டுபிடிப்புதான் படகுப் பயணத்துக்கு நேரடியாக வேண்டியது. உடம்பு முழுவதும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை வாங்குவதில்லை. இரத்தம் பாய்ந்து ஓடும் மூளை, சிறுநீரகம் போன்றவை விரைவாக நிரம்பி விரைவாகக் காலியாகும். இரத்த ஓட்டம் குறைந்த கொழுப்பும் மூட்டுப் பகுதிகளும் நிதானமாக வாங்கி நிதானமாக விடும். கொழுப்புக்கு வயிறும் பெரிது: தண்ணீரில் கரைவதைவிட ஐந்து மடங்கு நைட்ரஜன் அதில் கரையும். ஒரு திசு பாதி நிரம்ப எடுக்கும் நேரத்தைப் பாதிக்காலம் என்போம். ஹால்டேன் 5 நிமிடத்திலிருந்து 75 நிமிடம்வரை ஐந்து பாதிக்காலங்களை வைத்துக் கணக்குப் போட்டார். பின்னாளில் சூரிச்சில் ஆல்பர்ட் பியூல்மன் அதைப் பதினாறாக விரித்தார். மிக நிதானமான திசுவுக்கு அவர் வைத்த பாதிக்காலம் 635 நிமிடம், அதாவது பத்தரை மணி நேரம். இவை எல்லாம் உடம்பில் பிரித்துக் காட்டக்கூடிய பதினாறு உறுப்புகள் அல்ல; கணக்குக்காகக் கற்பித்துக்கொண்டவை. முக்குளிப்பவர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டர்களில் பல, சில நொடிக்கு ஒருமுறை ஆழத்தை அளந்து இந்தப் பதினாறு கணக்குகளையும் போட்டுக்கொண்டே இருக்கின்றன.

ஒரே ஒரு முறை இறங்கி ஏறுகிறவருக்கு விரைவுத் திசுக்கள்தான் பிரச்சினை. 30 மீட்டரில் 20 நிமிடம், 18 மீட்டரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக என்று அட்டவணை சொல்லும். அதற்குள் கிளம்பி, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வெளியே வந்தால் போதும். அடுத்த அரை மணியில் 5 நிமிடத் திசு தன் கூடுதல் சரக்கை ஏறத்தாழ முழுக்க விட்டிருக்கும்.

635 நிமிடத் திசுவின் கதை வேறு. ஒரு மணி நேர முழுக்கில் அது வாங்குவது கொஞ்சம்தான், முழுக் கொள்ளளவில் ஆறு விழுக்காடு. ஆனால் வாங்கியதை விடாது. மேலே வந்து மூன்று மணி நேரம் கால் நீட்டிப் படுத்திருந்தாலும் அதில் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே இருக்கும். அதற்குள் அடுத்த முழுக்குக்கு மணி அடித்துவிடுவார்கள். இரவு முழுக்கை எட்டு மணிக்கு முடித்து விடிகாலை ஏழு மணிக்கு மறுபடி இறங்கினால், முந்தின நாள் சேர்ந்த கூடுதலில் பாதி இன்னும் உள்ளே. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நாளுக்கு நாள் எல்லையில்லாமல் ஏறிக்கொண்டே போவதில்லை. முதல் நாள் மாலை இருந்த அளவைவிடக் கால் பங்கு கூடுதலாகி அங்கேயே நின்றுவிடும். ஆனால் கணக்கு, கரைந்த வாயுவை மட்டுமே பார்க்கிறது. ஒரு முறை குமிழி பிறந்துவிட்டால் அது இரத்த ஓட்டத்துக்குக் குறுக்கே நின்று கழிவதைத் தாமதப்படுத்தும். கூடவே வெயில், உப்புக்காற்று, தண்ணீர் குடிக்க மறப்பது, அலுப்பு. வாரக் கடைசியில் படகில் இருக்கிறவர் முதல் நாள் ஏறிய அதே ஆள் அல்ல.

இப்போது விமானப் புதிருக்கு விடை தெரிந்திருக்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இருக்காது. 2,000 மீட்டர் உயர மலைமேல் இருப்பதைப்போல, முக்கால் வளிமண்டலத்துக்குச் சற்று மேலே வைத்திருப்பார்கள். ஏற்கெனவே நைட்ரஜன் மிச்சமிருக்கும் உடம்பு அங்கே போவது, பாதி அடங்கிய சோடாவை இன்னொரு முறை திறப்பதற்குச் சமம். பல நாள் முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரம் பொறுத்தே பறக்க வேண்டும் என்பது பரிந்துரை. 24 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி. கடைசி நாள் அதற்குத்தான்.

உடம்பில் நைட்ரஜன் சேர்வதைக் குறைக்கப் பல படகுகளில் ஒரு தந்திரம் செய்கிறார்கள்: சிலிண்டரில் ஆக்சிஜனை 32 விழுக்காடாகக் கூட்டி, நைட்ரஜனைக் குறைப்பார்கள். நைட்ராக்ஸ் என்று பெயர். நைட்ரஜன் குறைகிறது, சரி. ஆனால் ஆழத்தில் ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பை வரவழைக்கும் என்பதால், 32 விழுக்காடு கலவையோடு 33 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. மாலத்தீவில் பொழுதுபோக்கு முக்குளிப்புக்குச் சட்டமே 30 மீட்டரில் கோடு போட்டுவிட்டதால், அங்கே இது பொருந்திப்போகிறது.

விதிப்படி எல்லாம் செய்தவர்களுக்கும் குமிழி வருகிறது என்பது 1970-களில்தான் உறுதியாகத் தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்கும் அதே கேளா ஒலியை நெஞ்சில் வைத்துக் கேட்டார்கள். ஒரு நோவும் இல்லாமல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்களின் இதயத்துக்குள்ளிருந்து கிரீச் கிரீச்சென்று குமிழிகளின் சத்தம். மௌனக் குமிழிகள் என்று இவற்றைச் சொல்கிறார்கள். இவை இதயத்தின் வலப்பக்கம் வந்து நுரையீரலில் வடிகட்டப்பட்டுவிடும். நாலு பேரில் ஒருவருக்கு இதயத்தின் இரு பக்கங்களுக்கும் நடுவே, கருவில் இருந்தபோது திறந்திருந்த சிறு வழி முழுக்க மூடாமல் இருக்கும்; அவர்களுக்குக் குமிழி வடிகட்டியைத் தாண்டி மூளைக்குப் போகும் வாய்ப்பு உண்டு. பெரும்பாலோருக்கு அந்த வழி இருப்பதே ஆயுள் முழுக்கத் தெரியாது. அட்டவணை சராசரி மனிதனுக்குப் போட்டது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

இத்தனை கணக்குப் போட்டுக் கீழே போனால், எதிரே அம்மணி உளுவை ஒரு கணக்கும் இல்லாமல் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருக்கும். அதன் உடம்பில் பொருத்திய கருவிகள் 1,900 மீட்டருக்கும் கீழே அது போனதைப் பதிவு செய்திருக்கின்றன. அதற்கு ஏன் குமிழி வருவதில்லை? ஏனென்றால் அது காற்றைச் சுவாசிப்பதில்லை. கடல்நீரில் கரைந்திருக்கும் வாயு மேற்பரப்பில், காற்று தொடும் இடத்தில் கரைந்தது. எவ்வளவு ஆழத்துக்குப் போனாலும் அதன் அளவு அழுத்தத்தோடு சேர்ந்து ஏறுவதில்லை. செவுள் வழியே எடுப்பதும் அந்த அளவுதான். நாம் மட்டும்தான் அழுத்தப்பட்ட காற்றை முதுகில் கட்டிக்கொண்டு போகிறோம்.

திமிங்கலம் இடைப்பட்ட கேஸ். அது நம்மைப்போல் காற்றைச் சுவாசிப்பது. ஆனால் மேலே எடுத்த ஒரே மூச்சோடு இறங்குகிறது. ஆழம் போகப்போக அதன் நுரையீரல் ஒடுங்கி, காற்று இரத்தத்தைத் தொடாத மூச்சுக்குழாய்க்குத் தள்ளப்படுகிறது. அதனால் அதற்குக் குமிழி நோயே வராது என்று வெகுகாலம் நம்பினார்கள். 2002 செப்டம்பரில், கடற்படைப் பயிற்சி ஒன்று நடந்துகொண்டிருந்தபோது, ஸ்பெயினின் கேனரி தீவுகளில் 14 அலகுத் திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. அறுத்துப் பார்த்தபோது ஈரல் முதலிய உறுப்புகளில் வாயுக் குமிழிகள். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் ஒலி மிரட்டியதில் அவை வழக்கம் மீறி முங்கியும் ஏறியும் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. 2004-ல் அந்தக் கடலில் ஸ்பெயின் சோனாரை நிறுத்தியது. அதே ஆண்டு, அருங்காட்சியகங்களில் கிடந்த எண்ணெய்த் திமிங்கல எலும்புகளை ஆராய்ந்தவர்கள், வயது ஏற ஏற மூட்டுகளில் அரிப்புக் கூடுவதைக் கண்டார்கள். பாலத் தூண் பெட்டிகளுக்குள் வேலை செய்த தொழிலாளிகளின் எலும்பில் பார்த்த அதே வகைக் காயம். திமிங்கலமும் கணக்குப் பார்த்துத்தான் ஏற வேண்டியிருக்கிறது.

ஒரே மூச்சில் இறங்குவது என்றதும் நமக்கு மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு நினைவுக்கு வரும். கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, சிப்பியைப் பொறுக்கி, கயிற்றை ஆட்டினால் மேலே இழுத்துவிடுவார்கள். மார்க்கோ போலோ காலத்துக்கும் முந்தைய தொழில். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் நடக்கவில்லை. மூச்சு முட்டியும் சுறா கடித்தும் செத்தவர்கள் உண்டு. ஆனால் நைட்ரஜன் அவர்களுக்குப் பெரிய எதிரி இல்லை. உள்ளே கொண்டுபோவது ஒரே ஒரு நுரையீரல் காற்றுதானே. அப்படியும் எல்லை ஒன்று உண்டு. பசிபிக் கடலின் துவாமொட்டு தீவுகளில் 30, 40 மீட்டர் ஆழத்துக்கு நாள் முழுக்க இறங்கிய முத்துக்குளிப்போர் சிலர், மாலையில் தலைசுற்றி, கைகால் இழுத்து விழுந்தார்கள். முழுக்குக்கு முழுக்கு சில நிமிடங்களே இடைவெளி விட்டவர்கள் அவர்கள். மங்கரேவா தீவுக்காரர்களும் அதே தொழில் செய்தார்கள். பத்து நிமிடமாவது மேலே தங்கிவிட்டு இறங்கினார்கள். அவர்களுக்கு அந்த நோய் இல்லை. இடைவெளி ஒன்றுதான் வித்தியாசம்.

தூத்துக்குடியில் முத்து போனாலும் சங்கு இருக்கிறது. வங்காளத்தில் வளையலாக அறுபடும் சங்கு. சங்கு குளிப்பவர்கள் இன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவதில்லை. படகில் ஓடும் கம்ப்ரஸரிலிருந்து நீளும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். சிலிண்டர் என்றால் காற்று தீரும், தீர்ந்தால் ஏறியாக வேண்டும். குழாயில் காற்று தீராது. 15 மீட்டர் ஆழத்துக்கு அட்டவணை தருவது ஒன்றரை மணி நேரத்துக்கு உட்பட்டுத்தான். ஆனால் சங்கு கிடைக்கிற நாளில் யார் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்? கம்ப்ரஸர் எஞ்சினின் புகை அந்தக் காற்றிலேயே கலந்துவிடும் அபாயம் வேறு. யாழ்ப்பாணம், மன்னார் கரைகளில் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குகிறவர்கள் கதையும் இதேதான். வலி வந்தால் மறுபடி இறங்குகிற பழக்கமும் உண்டு. இறங்கினால் வலி குறையும். குமிழி அழுத்தப்பட்டுச் சுருங்குகிறது. ஆனால் அங்கே சுவாசிப்பதும் காற்றுதான். இன்னும் நைட்ரஜன் ஏறும். ஏறி வரும்போது பழைய கணக்கோடு புதுக் கணக்கும் சேரும்.

முறையான மருத்துவமும் தத்துவத்தில் இதேதான், ஆனால் உலர்ந்த இரும்பு அறைக்குள். மறு அழுத்த அறை என்பார்கள். ஆளை உள்ளே வைத்து 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தம் ஏற்றி, தூய ஆக்சிஜன் கொடுத்து, ஐந்து மணி நேரம்போல நிதானமாகத் தளர்த்துவார்கள். மாலத்தீவில் பந்தோஸ் தீவில் இப்படி ஓர் அறை உண்டு. போர்ட் பிளேரில் கடற்படை மருத்துவமனையில் உண்டு.

மாலத்தீவுப் படகில் இருக்கும் சுற்றுலாப் பயணியும் தூத்துக்குடிப் படகில் இருக்கும் சங்குக்காரரும் செய்வது இயற்பியலில் ஒரே காரியம்: பல நாள், பல முறை, அழுத்தப்பட்ட காற்று. ஒருவர் மணிக்கட்டில் கம்ப்யூட்டர், படகில் ஆக்சிஜன், கடைசி நாள் ஓய்வு. இன்னொருவருக்கு மூன்றும் இல்லை. கடலில் அதிக நேரம் இருப்பவர் அவர்தான். கணக்கைப் படிக்கப் பட்டம் தேவையில்லை. ஆழத்துக்கு இத்தனை நிமிடம், இடையே இத்தனை நேரம் என்று தமிழில் அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் அட்டையும், படகுக்கு ஓர் ஆக்சிஜன் சிலிண்டரும், மீன்வளத் துறை நினைத்தால் ஒரு சங்குப் பருவத்துக்குள் கொடுத்துவிடலாம். கொடுக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டுக் கடலுக்குள் இறங்கத் தோன்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ காலையில் சிலிண்டர் கட்டி இறங்கினால், மாலையில் புளியங்குடிக்குத் தாராளமாகத் திரும்பலாம். வழி முழுக்கச் சமவெளி. ஆனால் அப்படியே குடும்பத்தோடு கொடைக்கானல் போய்விடலாம் என்று காரைத் திருப்பிவிடாதீர்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் ஏறத்தாழ அதுதான். மறுநாள் போங்கள்.